கூட்டம் கலைந்த பிறகு

கல்யாணமாகி நான் செஞ்சிக்கு வந்தபோது எங்கள் குடித்தனம் மாவு மில்லுக்கு மேலே இருந்தது. கீழே மில், மேலே இரண்டு அறைகளும் ஒரு சமையலறையும். காலையில் என் கணவர் கீழே சுவிட்சைப் போட்டதும் பெல்ட் ஓடத் தொடங்கும். மேலே என் உள்ளங்காலில் தரை அதிரும். அலமாரியில் கவிழ்த்துவைத்த டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். மாசி, பங்குனியில் ஊரே வருஷத்துக்கான மிளகாய்த்தூளை அரைத்து வைத்துக்கொள்ளும். அந்த நாட்களில் காரம் படிக்கட்டு வழியாக ஏறி வந்து துணிமணிக்குள்ளும் தலையணைக்குள்ளும் புகுந்துகொள்ளும்.

என் மாமியார் அந்த அதிர்விலேயே மத்தியானம் அசந்து தூங்குவார். கரண்ட் போய் மில் நின்றால்தான் திடுக்கிட்டு எழுந்து உட்காருவார். நான் அதற்கு நேர்மாறு. மில் ஓடும் நேரமெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். சாப்பாட்டுக்காக அதை நிறுத்தும்போதுதான் என் தோள்கள் இரண்டும் காதுவரை ஏறியிருந்ததே எனக்குத் தெரியும்.

நான் பிறந்தது வல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனாவுக்கு நெல்லும் மல்லாட்டையும் விளையும் கொஞ்சம் நிலம். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர் மல்லாட்டை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேறு யாரையாவது அடித்தாலும் நான் அழுதுவிடுவேன். அடி வாங்கியவன் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு விளையாடப் போய்விடுவான். நான் சாயங்காலம்வரை விம்மிக்கொண்டிருப்பேன். தொட்டாச்சிணுங்கி என்று பேர் வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்தது வீட்டுக்கும் வந்துவிட்டது. பெண் பார்க்க வந்தவர்களிடம் நைனா, ஏதோ குறையை ஒப்புக்கொள்வதுபோல, பொண்ணுக்கு கொஞ்சம் இளகின மனசு என்றார். அவர்கள் அதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டார்கள். எதிர்த்துப் பேசாத மருமகள் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள் போலிருக்கிறது.

சத்தம் மட்டும் என்றால் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு இருந்துவிடலாம். ஒரு வீட்டுக்குள் நுழைந்ததுமே அங்கே சற்று முன்பு யாரோ சண்டை போட்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்துவிடும். காபி நீட்டுகிற கையை வைத்தே சொல்லிவிடுவேன். மில்லுக்கு வருகிற பெண்களில் ஒருத்தி சிரித்துப் பேசிக்கொண்டே தூக்குவாளியை நீட்டுவாள், எனக்கு நெஞ்சு கனத்துவிடும். அடுத்த வாரம் அவள் வீட்டுக் கஷ்டம் தெருவுக்குத் தெரியவரும். அதற்கு முன்னாலேயே நான் அதைச் சுமந்துகொண்டு திரிந்திருப்பேன். சந்தோஷமும் அப்படித்தான். மழை விட்டதும் செஞ்சிக் கோட்டைப் பாறைகள் கறுத்து மின்னும். துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போனவள் வாளியோடு அப்படியே நின்றுவிடுவேன். கீழேயிருந்து அத்தை இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருக்கும்.

இதெல்லாம் என் பலவீனம் என்றே பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். எல்லோரும் தாங்குகிறார்கள், நானும் பழகிக்கொள்ள வேண்டும் என்று தலைவலி மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டே விசேஷங்களுக்குப் போய்வந்தேன். அந்த எண்ணம் உடையத் தொடங்கியது தளவானூரில்தான்.

என் கணவருக்கு ஒரே அக்கா. தளவானூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நான் அவரை அண்ணி என்பேன். அவர் வீட்டுக்காரரை அண்ணா என்று கூப்பிடுவேன். அண்ணி படபடவென்று பேசுகிறவர், கோபமும் உடனே வரும், பாசமும் உடனே வரும். அண்ணன் அதிகம் பேசமாட்டார். அறுவடை முடிந்ததும் பழைய மொபெட்டில் ஒரு மூட்டை மல்லாட்டையைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். ஒரு தடவை கீழே மிளகாய் அரைபட்டுக்கொண்டிருந்தது. மேலே வந்தவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், போய் படிக்கட்டுக் கதவைச் சாத்தினார், ஈரத்துணி ஒன்றைக் கதவின் அடியில் செருகினார், பிறகு வந்து உட்கார்ந்து காபி கேட்டார். 

அவர் ஒருநாள் காலையில் மோட்டார் கொட்டகையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். செஞ்சிக்குக் கொண்டுவரும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

நாங்கள் தளவானூருக்குப் போய்ச் சேர்ந்தபோது தெரு முழுக்கச் சாமியானா போட்டிருந்தார்கள். அண்ணன் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார். ஒப்பாரி பாட எங்கிருந்தோ இரண்டு பெண்களை அழைத்து வந்திருந்தார்கள்; அவர்கள் கையில் மைக். குழாய் ஸ்பீக்கரைத் தென்னை மரத்தில் கட்டியிருந்தார்கள், அதன் வாய் சரியாக வாசலைப் பார்த்தபடி இருந்தது. தெருமுனையில் மேளம். ஒவ்வொரு மாலை வந்து இறங்கும்போதும் ஒரு சரவெடி. ஊதுவத்தியும் வாடிய சம்பங்கியும் வெடிமருந்தும் கலந்த ஒரு நெடி.

அண்ணிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். கை ஜில்லென்று இருந்தது. அவர் அழவில்லை, யார் வந்து கட்டிக்கொண்டாலும் பொம்மைபோல் ஆடினார். எனக்கு அண்ணனை நினைக்கவே இடம் இல்லை. ஒவ்வொரு வெடிக்கும் என் உடம்பு அடி வாங்கியதுபோல் குலுங்கியது. வந்து விழுந்து அழுகிற ஒவ்வொருத்தரின் அழுகையும் என்மேல் ஏறியது. மதியத்துக்கு முன்பே கண் இருட்டத் தொடங்கிவிட்டது. எழுந்து கொல்லைப்பக்கம் போய் மாட்டுக்கொட்டகை ஓரமாக வாந்தி எடுத்தேன். அங்கேயும் ஸ்பீக்கர் விடவில்லை. சத்தம் குறைகிற பக்கமாக நடந்தேன். அவ்வளவுதான் என் நினைவில் இருக்கிறது. நின்றபோது குன்றடிக்கு வந்திருந்தேன்.

அந்த ஊரில் பல்லவர் காலத்தில் பாறையைக் குடைந்து செய்த கோயில் ஒன்று உண்டு. நான் உள்ளே போகவில்லை. சாவுத் தீட்டோடு படியேறக் கூடாது என்கிற நினைப்பு அந்த நிலையிலும் இருந்தது. வெளியே பாறை நிழலில் உட்கார்ந்தேன். பாறை குளிர்ச்சியாக இருந்தது. மேளம் எங்கோ தூரத்தில் கேட்டது. அங்கேதான் எனக்கு அண்ணனின் முகம் ஞாபகத்துக்கு வந்தது, அங்கேதான் அவருக்காக அழுதேன். வாய்விட்டு, வெகுநேரம் அழுதேன்.

திரும்பி வந்தபோது அண்ணனை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அதைவிடப் பெரிய காரியம் ஒன்றும் நடந்து முடிந்திருந்தது. தாய்வீட்டுக் கோடி. கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுப் புடவை கொண்டுவந்து போடுவார்கள். தம்பி மனைவி நான்தான் தட்டை ஏந்தி நின்றிருக்க வேண்டும். என்னைத் தேடியிருக்கிறார்கள். காணவில்லை என்றதும் என் கணவரின் சித்தப்பா மகனின் மனைவி ஏந்தியிருக்கிறாள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த யாரோ என்னைக் கோயிலாண்ட பார்த்ததாக வந்து சொல்ல, பங்காளி வீட்டுப் பெரியம்மா ஒருத்தர் வாசலிலேயே நின்று, புருஷனைப் பறிகொடுத்தவள் இங்கே கிடக்கிறாள், தம்பி பெண்டாட்டி கோயிலைச் சுற்றிப் பார்க்கப் போயிருக்கிறாள் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

என் கணவரோடு பைக்கில் செஞ்சிக்குத் திரும்பினேன். மில் வாசலில் இறங்கியதும், பிரஷர் குறைந்து மயக்கம் வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாமா என்று கேட்டார். என்னைக் காப்பாற்றத்தான் கேட்டார். நானும் சரி என்றேன். அடுத்த வாரத்துக்குள் எனக்கு லோ பிரஷர் என்று சொந்தபந்தம் முழுக்கத் தெரிந்துவிட்டது. மாதுளம்பழம் சாப்பிடச் சொன்னார்கள்.

அண்ணி நம்பவில்லை. காரியத்தன்று காலையிலிருந்து சாயங்காலம்வரை நான் மாத்திரை போட்டுக்கொண்டு ஒரே இடத்தில் நின்றேன். கிளம்பும்போது வாசலில் என்னை நிறுத்தினார்.

"எல்லாரும் வந்தாங்க, எல்லாரும் இருந்தாங்க. நீ ஒருத்திதான் எழுந்து போன. இனிமே எம் ஊட்டு வாசப்படி மிதிக்காத."

அத்தைக்கும் அதே கோபம். மகள் வீட்டில் தலைகுனிய வைத்துவிட்டேன் என்று என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார். நான் என்ன செய்தேன் என்றால், அதற்குப் பிறகு ஒரு விசேஷம் விடாமல் போனேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கிரகப்பிரவேசம், எழவு என்று எதையும் விடவில்லை. எல்லாவற்றிலும் முதல் வரிசை, கடைசிவரை. திரும்பி வந்தால் இரண்டு நாள் தலை தூக்க முடியாது. யாருக்கு எதை நிரூபித்தேன் என்று கேட்டால் இன்றைக்கும் பதில் தெரியாது.

அப்படிப் போன ஒரு கல்யாணத்தில், செஞ்சியிலேயே ஒரு மண்டபத்தில், என்னை ஸ்பீக்கருக்கு நேர் எதிரே உட்கார வைத்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் எழுந்து கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். உள்ளேயே நின்றுகொண்டு, இயர்போனைக் காதில் சொருகி, போனில் ஏதாவது பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனபோது ஒரு வீடியோ வந்தது. பேசியவள் என்னைவிடச் சின்னவள். சில பேருக்கு உடம்பும் மனசும் எதையும் கூடுதலாக வாங்கிக்கொள்கிற மாதிரியே அமைந்திருக்கிறது, சத்தம், வாசனை, வெளிச்சம், அடுத்தவர் மனநிலை எல்லாமே என்றாள். ஹைலி சென்சிட்டிவ் என்று ஒரு பேர் சொன்னாள். அது நோய் இல்லை, திருத்த வேண்டிய குணமும் இல்லை, குட்டையாகவோ நெட்டையாகவோ பிறப்பதைப் போலத்தான் என்றாள்.

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். நான் இன்னொரு முறை முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். நேராகக் கணவரிடம் போய் வீட்டுக்குக் கிளம்புகிறேன் என்றேன். பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கட்டும் என்று அவர், பிரஷரா என்றார்.

"பிரஷர் எல்லாம் எனக்கு எப்பவும் இல்லைங்க. சத்தம் தாங்கல. எனக்கு இது போதும்."

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். பயமாக இருந்தது, ஆனால் நடுக்கம் இல்லை.

அவர் சாயங்காலம் வந்து உட்கார்ந்து விவரம் கேட்டார். போனைக் கொடுத்தேன். முழுக்கப் பார்த்தார். அப்ப இது வியாதி இல்லையா என்றார். இல்லை என்றேன். மருந்து? கிடையாது. சரியாகப் போகுமா? போகாது. போனைத் திருப்பிக் கொடுத்து, அப்ப இப்படியே வச்சுக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது.

அத்தைதான் விடவில்லை. காலத்துக்கும் இல்லாத புதுப்பேரு இன்னா, எங்களுக்கெல்லாம் தோலு தடிச்சா கெடக்குது என்று கேட்டார்.

"உங்களுக்குத் தடிச்சிருக்குன்னு சொல்லல அத்தை. எனக்கு மெலிசா இருக்குதுன்னுதான் சொல்றேன்."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் நான் அவருக்கு அப்படி நேராகப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. அவரைவிட எனக்குத்தான் அதில் ஆச்சரியம்.

மறுவாரமே தளவானூருக்குப் போவதென்று முடிவு செய்தேன். வாசற்படி மிதிக்காதே என்று சொன்னவர் வீட்டுக்கு எந்த முகத்தோடு போவாய் என்றார் கணவர். இருக்கிற முகத்தோடுதான் என்றேன். அண்ணன் போய் நாலைந்து மாதம் ஆகியிருந்தது. மகன் சென்னையில் வேலை, மகள் காலேஜ் ஹாஸ்டல். காரியத்துக்கு மறுநாளோடு கூட்டம் வடிந்திருக்கும். அண்ணி அந்த வீட்டில் தனியாக இருப்பார். எனக்குத் தாங்க முடியாதது கூட்டம்தானே தவிர அண்ணியின் துக்கம் இல்லை. இது புரியவே எனக்கு இத்தனை நாள் பிடித்திருந்தது.

ஒரு புதன்கிழமை பஸ் பிடித்துப் போனேன். அண்ணி வாசலுக்கு வந்து பார்த்தார்.  திரும்பி உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. நான் செருப்பைக் கழற்றினேன்.

உள்ளே டிவி அலறிக்கொண்டிருந்தது. பார்க்க ஆள் இல்லை, நிறுத்தினேன். அண்ணி பின்கட்டில் உட்கார்ந்து விதைக்காக மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். நானும் எதிரே உட்கார்ந்து ஒரு கை அள்ளி உடைக்க ஆரம்பித்தேன்.  அவர் சுவரைப் பார்த்தபடி, முற்றத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நான் முற்றத்தைப் பார்த்தேன். அங்கே அண்ணனின் மொபெட் நின்றது. டயரில் காற்று இல்லை. கைப்பிடியிலும் விளக்கிலும் புழுதி படிந்திருந்தது. சீட்டு மட்டும் பளபளவென்று இருந்தது.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அடக்கிப் பார்க்கவில்லை.

"இன்னாடி, வந்ததும் அழுவுற."

"சீட்ட மட்டும் தொடச்சிருக்கீங்க அண்ணி."

அவர் கை நின்றது. மடியில் இருந்த தோலையெல்லாம் மெதுவாகத் தட்டிவிட்டார். பிறகுதான் அழுதார். மாதக்கணக்காக அடைத்துக்கிடந்தது வருவதுபோல் வந்தது. நான் கட்டிப்பிடிக்கவில்லை, சமாதானம் சொல்லவில்லை. என் பாட்டுக்கு நானும் அழுதேன்.

ஓய்ந்ததும் பேச ஆரம்பித்தார். வருகிறவர்கள் எல்லாம் நிலத்தை என்ன செய்யப் போகிறாய், மகளுக்கு எப்போது மாப்பிள்ளை பார்க்கப் போகிறாய் என்றுதான் கேட்கிறார்கள், அவரைப் பற்றி ஒருத்தரும் பேசுவதில்லை என்றார். தினமும் காலையில் சீட்டைத் துடைக்கிறாராம். அவர் இருந்தபோது துடைப்பார், அதனால் துடைக்கிறேன், மகள்கூட அதைக் கவனிக்கவில்லை என்றார். நான் அண்ணனைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஈரத்துணியைக் கதவடியில் செருகிய கதையைச் சொன்னபோது, அது எப்போது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவருக்குத் தெரியாத அண்ணனை நான் கொடுத்தது போலிருந்தது.

மத்தியானம் சோறு போட்டார். சாப்பிடும்போதுதான் அதைக் கேட்டார்.

"அன்னிக்கி எங்கடி போன? பிரஷர்னு சொல்லாத."

பாறையாண்ட உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். உள்ளே போகவில்லை என்றும், அந்தச் சத்தத்தில் அண்ணனை நினைக்கவே முடியவில்லை என்றும், அங்கே போன பிறகுதான் அழுகையே வந்தது என்றும் சொன்னேன். அண்ணி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"நான் அன்னிக்கி அழுதனா இல்லியான்னே எனக்கு நெனப்பில்ல. மைக்குல பாடுனாளே, அவதான் எனக்குப் பதிலா அழுதா. அவரு மூஞ்சிய நான் சரியா பாக்கவே இல்லடி."

 பிறகு அவரே, ஆனால் என் காதில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், கோடி போடும்போது உன்னைத்தான் தேடினேன் என்றார். சொல்லியிருக்கலாம் அண்ணி என்றேன். சொல்லியிருந்தால் நீ போ என்று அனுப்பியிருப்பேனா என்று கேட்காதே, அது எனக்கே தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, மோர் ஊற்றினார். நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது உடைத்த மல்லாட்டையில் ஒரு படி கட்டிக் கொடுத்தார். அடுத்த புதன்கிழமை வந்தால் கறிவேப்பிலைப் பொடி அரைத்து எடுத்துவா என்றார்.

அண்ணி சொன்னதில் ஒரு விஷயம் எனக்கு நன்றாகப் பிடிபட்டது. நான் இப்படி இருப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. நான் அதைச் சொல்லாமல் மறைத்தால்தான் எதிரில் இருப்பவர் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்கிறார். அதனால் சொல்ல ஆரம்பித்தேன். வருத்தம் தெரிவிக்கிற குரலில் இல்லை, எனக்கு மீன் ஒத்துக்கொள்ளாது என்று சொல்கிற குரலில்.

முதலில் மில். மிளகாயை வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அரைக்கலாம், அந்த இரண்டு நாளும் நான் தளவானூரிலோ நைனா வீட்டிலோ இருந்துகொள்கிறேன் என்றேன். வருகிறவர்கள் வேறு மில்லுக்குப் போய்விடுவார்கள் என்று கணவர் தயங்கினார். சில பேர் போகத்தான் செய்தார்கள். மற்றவர்கள் நாள் பார்த்து வரப் பழகிக்கொண்டார்கள். மெஷினுக்கு அடியில் தடியான ரப்பர் வாங்கிப் போட்டோம். படுக்கை அறையைத் தெருப்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்கு மாற்றினேன். அத்தை ஒரு நாள், ரப்பர் போட்டதிலிருந்து மத்தியானம் தூக்கம் வரமாட்டேன் என்கிறது என்று குறைபட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். எங்களுக்குள் இருந்த இறுக்கம் அன்றைக்குக் கொஞ்சம் தளர்ந்தது.

போன வருஷம் அண்ணியின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. வரவேற்புக்கு டிஜே வைத்திருந்தார்கள். பத்திரிகை அடிக்கும்போதே அண்ணியிடம் சொல்லிவிட்டேன்: முதல் நாளே வந்து வேலை பார்க்கிறேன், பெண்ணோடு இருக்கிறேன், டிஜே ஆரம்பித்ததும் கிளம்பிவிடுவேன், விடிகாலை முகூர்த்தத்துக்குத் திரும்ப வருவேன். அண்ணி தலையாட்டினார்.

அன்று சாயங்காலம் மணமகள் அறைக்குள் நுழைந்ததுமே பெண்ணைப் பார்த்தேன். மேக்கப் போடுகிறவள், பூ வைக்கிறவள், செல்ஃபி எடுக்கிறவர்கள், குழந்தைகள் என்று நிற்க இடமில்லை. எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆனால் மருதாணிக் கையின் விரல்கள் புடவை மடிப்பைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தன. நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு எல்லோரையும் வெளியே போகச் சொன்னேன். என் குரலை யாரும் அவ்வளவு உரக்கக் கேட்டதில்லை, மறுபேச்சில்லாமல் போனார்கள். பெரிய விளக்கை அணைத்தேன், ஃபேனைக் குறைத்தேன். அவளைத் தரையில் கால் நீட்டி உட்காரச் சொன்னேன். என்ன என்று நான் கேட்கவில்லை. அவளே, அப்பா இருந்திருந்தா என்று தொடங்கி நிறுத்தினாள். பெயருக்காகக்கூட யாரும் அன்று முழுக்க அந்தப் பேச்சை எடுத்திருக்கவில்லை. மேக்கப் கலையும் அத்தை என்றாள். கலைந்தால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம், அதற்குத்தான் ஆள் இருக்கிறது என்றேன். அழுது முடித்து, முகம் துடைத்து, நிமிர்ந்து மேடைக்குப் போனாள்.

டிஜே ஆரம்பித்ததும் சொன்னபடி நான் பையை எடுத்துக்கொண்டேன். வாசலில் அதே பங்காளி வீட்டுப் பெரியம்மா நின்றிருந்தார். அன்னிக்கி எழவுலயும் ஓடுன, இன்னிக்கி கல்யாணத்துலயும் ஓடுறியா என்றார். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"அவ சொல்லிட்டுத்தான் போறா பெரிம்மா. காலையில வருவா. நீ போய் சாப்புடு."

காலையில் போனேன். இன்னும் விடியவில்லை, கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நன்றாகத் தூங்கி எழுந்து தெளிந்த முகத்தோடு நின்று, தாலி கட்டும்போது கண் நிறைய அழுதேன். பக்கத்தில் இருந்தவள் என்ன இப்படி அழுகிறீர்கள் என்றாள். நான் எல்லாக் கல்யாணத்திலும் அழுவேன் என்றேன்.

இப்போது எழவு வீடுகளுக்கு நான் போகிற விதமே வேறு. அன்றைக்குப் போய் முகத்தைக் காட்டிவிட்டு, சொல்லிக்கொண்டு வந்துவிடுவேன். மேளமும் பந்தலும் போய், கடன் வாங்கிய நாற்காலிகள் திரும்பிப் போய், வீட்டில் ஒருத்தர் இரண்டு பேர் மட்டும் மிஞ்சியிருக்கிற நாளில் திரும்பப் போவேன். உட்கார்ந்திருப்பேன். அவர்கள் பேசினால் கேட்பேன். அழுகை வந்தால் அழுவேன். எங்கள் தெருவில் இது பழக்கமாகிவிட்டது.

இரண்டு மாதத்துக்கு முன்பு எங்கள் தெருவில் ஒரு பாய் வீட்டுப் பெண்ணின் அம்மா தவறிப்போனார். அந்தப் பெண் வாரம் தவறாமல் இடியாப்ப மாவுக்கு எங்கள் மில்லுக்கு வருகிறவள். அவர்கள் வீட்டில் மேளம் இல்லை, வெடி இல்லை, நீ தாராளமாகப் போகலாம் என்றார் கணவர். போனேன். சத்தம் இல்லைதான், ஆனால் கூடம் முழுக்க ஆட்கள். அவள் கூட்டத்துக்கு நடுவே என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள்.

"அக்கா, நீங்க அப்புறமா வாங்க. எல்லாரும் போனப்புறம் வாங்க. அப்பதான் பேச முடியும்."

அடுத்த வாரம் போனேன். டீ போட்டுக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். மத்தியானம் முழுக்க அவள் அம்மாவைப் பற்றியே பேசினாள். சர்க்கரை வியாதிக்காரி, டாக்டர் கேட்டால் இனிப்பைத் தொடுவதே இல்லை என்று சத்தியம் செய்துவிட்டு, தலையணை உறைக்குள் கடலை மிட்டாய் ஒளித்து வைத்திருந்தாராம். நேற்று உறையைத் துவைக்க எடுத்தபோது இன்னும் இரண்டு இருந்தது என்று சொல்லிச் சிரித்தாள், சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. நானும் இரண்டையும் சேர்த்தே செய்துகொண்டிருந்தேன். டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது, யாரும் குடிக்கவில்லை.

நான் எழுந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. வாசல்வரை வந்தவள், நாளைக்கும் வருவீர்களா என்று கேட்டாள்.

"நாளைக்கு முடியாதும்மா. இன்னிக்கி கேட்டதெல்லாம் எனக்குள்ள எறங்கணும். நாளைக்கு நான் யாருகிட்டயும் பேசாம படுத்துனு இருப்பேன். நாளன்னிக்கி வர்றேன்."

அவள் சரிக்கா என்றாள். அதற்குமேல் விளக்கம் எதுவும் கேட்கவில்லை. நாளன்னைக்கு வரும்போது சாப்பிடாமல் வரச் சொன்னாள்.